இலங்கை பெயரிட்ட சூரியன்

கேகாலையிலிருந்து கரவனெல்லைக்குச் செல்லும் வீதியில், தேயிலையும் இறப்பரும் மாறி மாறிப் படர்ந்த மலைச்சரிவுகளுக்கிடையே அமைந்த ஊர் புளத்கொகுபிட்டிய. அவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் மக்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பது பெரும்பாலும் மழையை எண்ணியே ஆகும். காலையில் வானத்தைப் பார்த்தால், இன்று பால் வெட்ட இயலுமா என்பது தெரியும். மாலையில் பார்த்தால், இன்றிரவு அச்சமின்றி உறங்கலாமா என்பது தெரியும். 2016ஆம் ஆண்டு மே மாதத்து அடைமழையில் மலை சரிந்து, லயன் வீடுகளை மூடி, உயிர்களைக் கொண்டுபோனதை அவ்வூர் மறந்துவிடவில்லை. அத்தகைய மக்களுக்கு வானம் வேடிக்கைப் பொருளன்று. அஞ்சியும் நம்பியும் வாழவேண்டிய ஒன்று.

ஆயினும், மழை ஓய்ந்து மேகம் விலகும் இரவுகளும் உண்டு. நகரத்து விளக்கொளி எட்டாத அம்மலைகளின் மேல் அப்போது விண்மீன்கள் பொரித்தாற்போல் நிறைந்துவிடுகின்றன. அத்தகைய ஓர் இரவில், லயத்து இஸ்தோப்பில் அமர்ந்திருக்கும் சிறுமி ஒருத்தி தன் பாட்டனாரைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம்:

"தாத்தா, இத்தனை நட்சத்திரத்திலே நம்ம நாட்டுக்குன்னு ஒண்ணாவது இருக்கா?"

"வானத்துக்கு ஏதம்மா வேலி?" என்று பாட்டனார் சிரிப்பார். அவர் கூறுவது முற்றிலும் சரி. வானத்துக்கு வேலியும் இல்லை. உறுதிப் பத்திரமும் இல்லை. எனினும் அச்சிறுமியின் கேள்விக்கும் ஒரு விடை இருக்கிறது. இலங்கை நாட்டு மக்களின் பெயரால் பெயர் சூட்டப்பெற்ற சூரியன் ஒன்றும், அதனைச் சுற்றிவரும் கோள் ஒன்றும் தென்வானில் உள்ளன. சூரியனின் பெயர் சாமய. கோளின் பெயர் சமகிய. அவற்றின் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகின்றோம்.

எண்ணுக்கு வாய்த்த பெயர்

அனைத்துலக வானியல் ஒன்றியம் 1919ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதன் நூற்றாண்டு நிறைவு 2019இல் கொண்டாடப்பட்டபோது, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஆளுக்கொரு நட்சத்திரமும் அதன் கோளும் ஒதுக்கப்பட்டு, அவற்றுக்குப் பெயரிடும் உரிமையும் அளிக்கப்பட்டது. அந்தந்த நாட்டிலிருந்து சிறிய தொலைநோக்கி ஒன்றினால் காணத்தக்க நட்சத்திரமாகவே தெரிந்தெடுத்தார்கள். இந்தியா தனக்குக் கிடைத்த நட்சத்திரத்துக்கு, அண்டக் கதிர்களை ஆராய்ந்த விபா சௌத்ரி என்னும் பெண்மணியின் நினைவாக 'விபா' என்று பெயரிட்டது.

இலங்கைக்குக் கிடைத்தது எச்.டி. 205739 என்னும் நட்சத்திரம். 'எச்.டி.' என்பது ஹென்றி டிரேப்பர் என்பவரின் நினைவாக அமைந்த நட்சத்திரப் பட்டியலைக் குறிக்கும். அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்தில் ஆனி ஜம்ப் கனன் என்னும் அம்மையார், ஒன்றல்ல இரண்டல்ல, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் ஒளியை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வகைப்படுத்தினார். அப்பட்டியல் 1918 முதல் 1924 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது. அதில் வெறும் எண்ணாக இருந்த ஒன்றே, 2019 டிசெம்பரில் 'சாமய' ஆயிற்று. சாமய என்னும் சிங்களச் சொல்லுக்குச் சமாதானம் என்பது பொருள். சமகிய என்றால் ஒற்றுமை.

அந்த ஆண்டு இந்நாட்டுக்கு எத்தகைய ஆண்டு என்பதை வாசகர்கள் அறிவார்கள். உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்ட ஆண்டு அது. அவ்வாண்டின் முடிவில் வானத்தில் எழுதப்பட்ட இவ்விரு சொற்களும், நாட்டில் இருந்ததைக் கூறின என்பதைவிட, வேண்டியதைக் கூறின என்பதே பொருந்தும்.

முந்நூறாண்டுப் பயணம்

நாம் காணும் நட்சத்திரங்கள் எல்லாம் சூரியன்களே. ஆனால் எல்லாச் சூரியன்களும் நம் சூரியனைப் போன்றவை அல்ல. சில, பன்மடங்கு பெரியனவாய் விரைவில் எரிந்து தீர்வன. சில, சிறியனவாய்ச் செந்தணல் போல் மங்கிக் கிடப்பன. சாமய இவ்விரண்டுக்கும் நடுப்பட்டது. நம் சூரியனுக்குக் குணத்தால் நெருங்கியது. வானியலாளர் நட்சத்திரங்களை வகைப்படுத்தும் வரிசையில் நம் சூரியன் ஜி 2 என்னும் படியிலும், சாமய எப் 7 என்னும் படியிலும் உள்ளன. இவை அடுத்தடுத்த வகுப்புகள். சாமய நம் சூரியனைக் காட்டிலும் சற்றுப் பெரியது. சற்று வெப்பம் மிகுந்தது. இரும்பு முதலிய கனமான மூலகங்களும் அதில் மிகுதி.

அதன் தூரம் சுமார் 300 ஒளியாண்டு. ஒளி ஓராண்டில் செல்லும் தூரமே ஓர் ஒளியாண்டு. அது ஏறக்குறைய 9½ இலட்சம் கோடி கிலோமீற்றர். ஆகவே இன்று நம்மை வந்தடையும் சாமயவின் ஒளி, அங்கிருந்து புறப்பட்டு 300 ஆண்டுகள் ஆகின்றன. அது புறப்பட்டபோது கரையோரத்தை ஒல்லாந்தர் ஆண்டார்கள். மலைநாடு கண்டி மன்னரின் கீழ் இருந்தது. கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகவில்லை, தேயிலை வரவில்லை, இறப்பர் வரவில்லை. இன்று இத்தோட்டங்களில் வாழ்வோரின் முன்னோர், பஞ்சத்துக்கு அஞ்சித் தமிழகத்துக் கிராமங்களை விட்டு இம்மலைகளுக்குப் புறப்பட இன்னும் நூறாண்டு இருந்தது. இத்தனையும் நடந்து முடியுமளவும் அந்த ஒளிக்கதிர் ஓயாமல் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

காணாமற் கண்ட கோள்

இத்தனை தொலைவிலுள்ள சூரியன் ஒன்றை ஒரு கோள் சுற்றுகிறது என்பதை எவ்வாறு அறிந்தார்கள்? எவரும் அக்கோளைக் கண்ணால் கண்டதில்லை. கோளுக்குச் சொந்த ஒளி இல்லை. அதன் மேல் பட்டுத் திரும்பும் சிறு ஒளியும் சூரியனின் பேரொளியில் மறைந்துபோகும். கலங்கரை விளக்கின் அருகே பறக்கும் மின்மினியைப் பத்துக் காத தூரத்திலிருந்து காண முயல்வது போன்றது அது.

ஆனால் ஒரு வழி உண்டு. தந்தை ஒருவர் தம் சிறு மகளின் இரு கைகளையும் பற்றிச் சுழற்றி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். மகள் பெரிய வட்டமாகச் சுற்றுகிறாள். தந்தை ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறாரா? இல்லை. அவரும் பின்னோக்கிச் சாய்ந்து, ஒரு சிறு வட்டத்தில் அடியெடுத்து வைத்தே சுழல்கிறார். இருள் சூழ்ந்து மகள் நம் கண்ணுக்குத் தெரியாமற் போனாலும், தந்தையின் அந்தச் சாய்வைக் கண்டே, அவர் யாரையோ கைப்பற்றிச் சுழற்றுகிறார் என்று சொல்லிவிடலாம்.

கோளும் சூரியனும் இவ்வாறுதான். கோள் சூரியனைச் சுற்றுகிறது என்று நாம் சொல்வது ஒரு வழக்கே. உண்மையில் இரண்டும் ஒரு பொதுமையத்தைச் சுற்றுகின்றன. காவுதடியின் இரு முனைகளிலும் சமமான பாரம் தொங்கினால் தோள் நடுவில் இருக்கும். ஒரு புறம் பாரம் மிகுந்தால் தோளை அப்புறமாக நகர்த்தவேண்டும். அதுபோலவே சூரியனின் பாரம் மிகப் பெரிதாகையால் பொதுமையம் சூரியனுக்கு மிக அண்மையில் அமைகிறது. ஆகவே சூரியனின் அசைவு மிகச் சிறிது. நம் வியாழன் கோள் நம் சூரியனை வினாடிக்குச் சுமார் 12½ மீற்றர் வேகத்தில் ஆட்டுகிறது. நம் பூமியோ வினாடிக்கு 9 சென்ரிமீற்றர்தான் ஆட்டுகிறது. ஊர்ந்து செல்லும் குழந்தையின் வேகம்கூட அதைவிட அதிகம்.

இந்த அசைவை அளக்க உதவுவது ஒளியே. மலைவீதியில் வளைவுக்கு அப்பால் பேருந்து ஒன்று ஊதிக்கொண்டே வருகிறது. நம்மை நெருங்குகையில் அந்த ஊதல் கூர்மையாகவும், கடந்து போகையில் தணிந்தும் கேட்கிறது. ஒளிக்கும் இவ்வியல்பு உண்டு. நட்சத்திரம் நம்மை நோக்கி அசைந்தால் அதன் ஒளி நீலத்தின் பக்கமாகவும், விலகினால் சிவப்பின் பக்கமாகவும் அணுவளவு நகர்கிறது. முப்பட்டைக் கண்ணாடி வெயிலை வானவில்லாகப் பிரிப்பதுபோல, நிறமாலைமானி என்னும் கருவி நட்சத்திர ஒளியைப் பிரித்து, அதன் நடுவே தோன்றும் கருங்கோடுகள் இடம்பெயர்வதைக் காட்டும். அக்கோடுகள் ஒழுங்காக முன்னும் பின்னும் ஆடுமானால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த நட்சத்திரத்தை இழுக்கிறது என்பது உறுதி.

சென்னையில் எழுந்த முதற்குரல்

கண்ணுக்குத் தெரியாத கோளை அதன் இழுவையால் கண்டறியலாம் என்னும் எண்ணம், ஒளியை இவ்வாறு அளக்கும் கருவிகள் தோன்றுமுன்பே எழுந்தது. அதனை மிக முற்பட்ட காலத்தில் எழுதி வெளியிட்டவர்களுள் ஒருவர், தமிழ்நாட்டில் இருந்தவர் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி.

சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் ஒன்று 1792 முதல் இயங்கிவந்தது. தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் அவ்விடத்தில் நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அவ்வாய்வகத்தின் தலைவராயிருந்தவர் கப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப். அவர் ஒபியூகஸ் மண்டலத்திலுள்ள 70 ஒபியூகி என்னும் இரட்டை நட்சத்திரத்தை ஆராய்ந்தார். அது நமக்கு 17 ஒளியாண்டுக்குள் உள்ள அண்டை வீடு. ஒன்றையொன்று 88 ஆண்டுக்கொருமுறை சுற்றிவரும் இரு சூரியன்கள். அவற்றின் போக்கு, கணக்கிட்ட பாதைக்குச் சற்று மாறுபட்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது. அங்கே ஒரு கோள் இருந்து இழுப்பதே இதற்குக் காரணமாகலாம் என்று 1855இல் எழுதினார்.

எண்ணம் பெரிது, ஆனால் முடிவு பிழை. 1890களில் அமெரிக்கரான சீ என்பவர் அதே நட்சத்திரத்துக்கு இருண்ட துணை ஒன்று உண்டென்று வாதித்தார். அவர் கூறியவாறு மூன்று பொருள்கள் சேர்ந்து சுற்றினால் அவ்வமைப்பு நிலைத்திராது என்று 1899இல் மோல்ற்றன் என்பவர் கணக்கிட்டுக் காட்டினார். அக்காலத்து அளவைகளில் புகுந்த சிறு பிழைகளே கோளாகத் தோற்றமளித்தன. 70 ஒபியூகியில் கோள் எதுவும் இன்றளவும் உறுதிப்படவில்லை.

இதனால் ஜேக்கப் இகழத்தக்கவர் ஆகிவிடுவாரா? ஒருபோதும் இல்லை. அவர் வழி சரியானது. அவர் கருவிதான் போதாது. மாணவர்கள் இதனை மனத்திற் கொள்ளவேண்டும். விஞ்ஞானத்தில் ஒருவர் சொன்னதை மற்றவர் மீண்டும் அளந்து பார்ப்பது அவமதிப்பன்று. அதுவே அத்துறையின் அறம். அப்படி அளந்து அளந்து தள்ளப்பட்ட பொய்க்கோள்கள் பலவற்றின் மேலேதான் மெய்க்கோள் எழுந்து நின்றது.

ஜேக்கப் எழுதி 140 ஆண்டுகள் கழிந்தன. 1995 ஒக்டோபரில், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் வெற்றிச் செய்தியை அறிவித்தார்கள். பிரான்சிலுள்ள ஓற்-புரொவான்ஸ் வானாய்வகத்திலிருந்து, நம் சூரியனைப் போன்ற 51 பெகாசி என்னும் நட்சத்திரம் ஆடுவதை அவர்கள் அளந்திருந்தார்கள். வியாழனின் நிறையில் பாதியளவுள்ள கோள் ஒன்று அதனை நான்கே கால் நாளுக்கொருமுறை சுற்றிவருவது தெரிந்தது. நம்பமுடியாத செய்தி அது! ஆயினும் பிறர் அளந்தபோதும் அவ்வாறே இருந்தது. இவ்விருவரும் இதற்காக 2019இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சாமயவும் சமகியவும் பெயர் பெற்றது அதே ஆண்டில்தான்.

ஒற்றுமை என்னும் கோள்

சமகியவைக் கண்டுபிடித்த செய்தி 2008இல் வெளியாயிற்று. தென்னமெரிக்காவில், சில்லி நாட்டு லாஸ் கம்பனாஸ் மலைமேல் உள்ள மகெலன் தொலைநோக்கியினால் சாமயவின் ஆட்டத்தை அளந்தார்கள். 6½ மீற்றர் அகலமுள்ள கண்ணாடி கொண்டது அது. கோள் ஏறக்குறைய 280 நாளுக்கொருமுறை சாமயவைச் சுற்றிவருவது அதனால் புலப்பட்டது. ஆகவே சமகியவின் ஓராண்டு நம் ஆண்டில் முக்காற் பங்குக்குச் சற்று அதிகம்.

அதன் நிறை, குறைந்த கணக்கில் வியாழனின் நிறையைப்போல் 1.37 மடங்கு, அதாவது நம் பூமியைப்போல் நானூறு மடங்குக்கு மேல். அதன் பாதை வட்டமன்று, முட்டைபோல் நீண்டது. அக்கோள் தன் சூரியனுக்கு ஏறக்குறைய 10 கோடி கிலோமீற்றர் வரை நெருங்குகிறது; பின் 17 கோடி கிலோமீற்றர் வரை விலகுகிறது. நம் பூமி சூரியனிலிருந்து 15 கோடி கிலோமீற்றர் தூரத்தில் ஏறக்குறைய வட்டமாகச் சுற்றுவதனாலேயே நமக்கு வாய்த்த இதமான காலநிலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

அங்கே மனிதர் வாழலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இயலாது என்றே சொல்லவேண்டும். அத்துணை நிறையுள்ள கோள்கள் வியாழனைப் போன்ற வாயுக் கோளங்களே. கால் ஊன்ற அங்கே தரையில்லை, குடிக்க நீரில்லை, வீசும் வெப்பமோ நம் பூமி பெறுவதிலும் மிகுதி. பெயர் ஒற்றுமை என்பதற்காக, அது நமக்குக் குடியிருக்க இடம் தந்துவிடாது.

சாமயவின் கதை இத்துடன் முடிந்துவிடவும் இல்லை. சமகியவின் இழுவையைக் கழித்துப் பார்த்தபின்னும், அந்த நட்சத்திரத்தின் வேகம் நாளுக்கு நாள் மெல்ல மாறிக்கொண்டிருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டார்கள். அப்பால், நீண்ட தொலைவில், இன்னொரு பொருளும் அதனை இழுக்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து. அது மற்றொரு கோளாக இருக்கலாம். 70 ஒபியூகியின் கதையை அறிந்த நாம், பொறுத்திருந்து, மேலும் அளந்தபின்பே அதனை நம்புவோம்.

நம் சூரியனுக்கு வெளியே உறுதிசெய்யப்பட்ட கோள்களின் தொகை 2025 செப்டெம்பரில் 6000த்தைத் தாண்டியது. அவற்றுட் பெரும்பாலானவை, கோள் தன் சூரியனுக்கு முன்னே கடக்கும்போது ஒளி சற்று மங்குவதைக் கொண்டு கண்டறியப்பட்டவை. ஆயினும் அவற்றுள் பலவற்றின் நிறையை அறிய இன்றும் உதவுவது, அந்தப் பழைய ஆட்டத்தை அளக்கும் முறையே.

ஒக்டோபர் வானில்

சாமயவை நாம் பார்க்க இயலுமா? வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது. நம் கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான நட்சத்திரத்திலும் அது பத்து மடங்கு மங்கல். மொறட்டுவை, கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தில் ஜப்பானிய அரசு அன்பளித்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது. அதற்கு இது எளிய இலக்கு. கலங்கமற்ற இருண்ட இரவில் நல்ல இருகண் நோக்கியும், நட்சத்திரப் படமும், பொறுமையும் உள்ளவர்க்கும் அது அகப்படலாம்.

கருவி எதுவுமே இல்லாதவர்கள் அது இருக்கும் திசையையாவது அறிந்துகொள்ளலாம். ஒக்டோபர் மாத நடுப்பகுதியில், இரவு 9 மணிக்குமேல், மழை விட்டிருக்குமானால், தெற்கு நோக்கி நில்லுங்கள். அடிவானத்துக்கும் தலையுச்சிக்கும் நடுவழியில், சற்று மேலாக, தன்னந்தனியாக ஒளிரும் நட்சத்திரம் ஒன்று தெரியும். அதுவே பொமல்ஹோட். மேனாட்டார் அம்மண்டலத்தைத் தென்மீன் என்று அழைக்கின்றனர். மீன் என்ற ஒரு சொல்லையே நீரில் வாழ்வதற்கும் விண்ணில் ஒளிர்வதற்கும் வைத்த தமிழருக்கு இப்பெயர் இனிக்காமல் போகாது! இனிக் கையை முன்னே நீட்டி, விரல்களை மடக்கிக் கொள்ளுங்கள். பொமல்ஹோட்டிலிருந்து வலப்புறமாக, அம்மூடிய கையின் அகலம் ஏறக்குறைய இரண்டளவு தூரம் சென்று, சற்றுக் கீழே நோக்குங்கள். வெறும் இருளாகத் தோன்றும் அந்த இடத்தில்தான் சாமய இருக்கிறது.

லயத்து இஸ்தோப்பில் அமர்ந்த சிறுமிக்கு நாம் இதனைக் காட்டலாம். அந்தப் பெயர்கள் சிங்கள மொழியில் அமைந்தவை. அவள் பாட்டனார் பேசும் மொழியில் இல்லை. ஆயினும் சாமம் என்னும் சொல் தமிழுக்கும் புதிதன்று. சாம, தான, பேத, தண்டம் என்று நம் முன்னோர் உபாயங்களை வரிசைப்படுத்தியபோது, இன்சொல்லால் இணங்கவைக்கும் சாமத்தையே முதலில் வைத்தார்கள். ஒரே வேரிலிருந்து வந்த சொல்லே இரு மொழிகளிலும் வழங்குகிறது.

ஒற்றுமை என்பதும் அக்கோளைப் போன்றதே. அது கண்ணுக்கு நேராகத் தெரியும் பொருளன்று. அது இருக்கிறதா இல்லையா என்பதை, பெரியது சிறியதற்காகச் சற்றேனும் அசைந்து கொடுக்கிறதா என்று அளந்தே அறியவேண்டும். பெயரிட்டுவிட்டதனாலேயே அது வந்துவிடாது. சாமய தன் கோளைப் பன்னூறு மடங்கு விஞ்சிய பெரும்பொருள். எனினும் அச்சிறு பொருளின் இழுவைக்கு இடங்கொடுத்தே சுழல்கிறது. அந்த அசைவு இல்லையேல், அங்கே சமகிய இருப்பதை உலகம் அறிந்தே இராது.

"நம்ம நாட்டுக்குன்னு ஒண்ணாவது இருக்கா?" என்று கேட்ட சிறுமிக்கு இனி விடை சொல்லிவிடலாம்: "இருக்கிறது, அம்மா. உன் பெயராலும் சேர்த்தே அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். நீ படித்து வந்து, அங்கே இன்னொரு கோள் உண்டா என்று அளந்து சொல்."